துருவைப் பார்த்துவிட்டு இன்ஜினைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபியட் 124 ஸ்பைடர், ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஆகிய இரண்டு பழைய இத்தாலிய கார்களில் எதை வாங்கலாம் என்று வாசகர் ஒருவர் தங்கள் வாகனப் பக்கத்தில் கேட்டிருந்தார். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எதன் இன்ஜின் சத்தம் சுத்தமாக இருக்கிறதோ அதை எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். குளிர்காலம் முழுக்க சாலையில் உப்புக் கொட்டும் ஒன்டாரியோவில் இந்த யோசனையைக் கேட்டு வாங்குபவர் பெரிய நஷ்டத்தில் மாட்டிக்கொள்வார். இந்த இரண்டு காரிலும் இன்ஜின் கெட்டால் சரிசெய்துவிடலாம். பாடி கெட்டால் கார் போனதுதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டும் 1966-ல் வெளிவந்தவை. ஆல்ஃபா மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில், ஃபியட் நவம்பரில் டூரின் கண்காட்சியில். இரண்டின் பாடியையும் வரைந்து கட்டியது பினின்ஃபரீனா என்ற இத்தாலிய நிறுவனம். நாலு சிலிண்டர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு, பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தனிச் சேஸிஸ் இரண்டுக்கும் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். மேலே தகரக் கூரை இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்துவது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற தகரச் சட்டமும் தரையும்தான். அங்கே துரு புகுந்தால் கார் நடுவில் தொங்க ஆரம்பிக்கும்.

ஆகவே பார்க்கப் போகும்போது டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஜாக்கி, ஒரு மரத்துண்டு இவ்வளவும் கையில் இருக்கட்டும். இன்ஜினை இப்போதைக்கு ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். விற்பவரின் அனுமதியோடு, மரத்துண்டை இடையில் வைத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் சில்லுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டதும் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் பின்விளிம்பில் மேலே இருக்கும் இடைவெளி குறுகினாலோ, பூட்டு இடித்தாலோ, சில்லில் வலு இல்லை. தூக்கும்போதே தகரம் நொறுங்கினால் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. இருபுறமும் இதைச் செய்யவேண்டும்.

ஃபியட்டில் இன்னொரு இடம் உண்டு, சில்லைவிட ஆபத்தானது. பானெட்டைத் திறந்தால் இருபக்கமும் முன் ஷாக் அப்சார்பரின் தலை மாட்டியிருக்கும் தகரக் கூண்டு தெரியும். ஸ்பிரிங்கின் பாரம் முழுவதும் அதன்மேல்தான். அந்தக் கூண்டு அடியில் நீளவாக்குச் சட்டத்தோடு சேரும் மடிப்பில் சேறும் உப்பும் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே கீழே இரண்டு அடுக்குத் தகரமும் பிரிந்திருக்கும். டார்ச் அடித்து அந்த மடிப்பை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பிறகு சக்கரப் பக்கமிருந்தும் பாருங்கள். அங்கே மட்டும் தார் போலக் கறுப்பு அண்டர்கோட் தடித்து அப்பியிருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு தகரத்தை வைத்து ஒட்டு வெல்டிங் அடித்திருந்தாலும் அப்படித்தான். முறையான வேலை என்றால் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் இறக்கி, கெட்ட தகரத்தை வெட்டி எடுத்து, அளவு மாறாமல் புதுத்தகரம் வைக்கவேண்டும். அந்தச் செலவில் வேறொரு நல்ல ஸ்பைடரையே வாங்கிவிடலாம். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கித் தரையையும், டிக்கியின் இரண்டு மூலைகளையும் பாருங்கள்.

ஆல்ஃபாவில் ஏமாற்று நடக்கும் இடம் சில். வெளித்தகரம், உள்தகரம், நடுவில் ஒரு தடுப்புத் தகரம் என்று மூன்று அடுக்காக இருக்கும். உள்ளே இரண்டும் மக்கிப்போன பிறகு வெளியே புதுத் தகரத்தை மூடி, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து விற்பார்கள். காந்தம் ஒட்டும், ஆனால் ஜாக்கி சோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும். விண்ட்ஷீல்டுக்கு முன்னாலுள்ள காற்றுத் துவாரத்தின் கீழே தண்ணீர் வடியும் ஓட்டைகள் இலை தழை அடைத்துக் கிடந்தால் மழைநீர் நேரே கால்வைக்கும் தரைக்கு வரும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் விரலால் தடவிப் பாருங்கள். மூக்கு நீண்ட கார் என்பதால் பார்க்கிங்கில் இடிபடாத ஆல்ஃபா அபூர்வம். முன்தகரத்தில் காந்தம் நழுவும் இடமெல்லாம் பட்டிதான்.

பாடி தேறிவிட்டது என்றால் இன்ஜினுக்கு வரலாம்.

ஃபியட்டின் இன்ஜினை வடிவமைத்தவர் ஃபெராரியில் வேலை பார்த்த அவ்ரேலியோ லாம்ப்ரேடி. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். 1438 சி.சி.யில் தொடங்கி 1979-ல் 1995 சி.சி. வரை வளர்ந்தது. கேம்ஷாஃப்டை ஓட்டுவது பல் வைத்த ரப்பர் டைமிங் பெல்ட். இதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, காரை டிரக்கில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டி வரவேண்டாம். 2 லிட்டர் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். 48,000 கி.மீ. ஓடவில்லை என்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை நம்பக்கூடாது. மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும், எண்ணெய் கசியும் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. பெல்ட் மாட்டும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க், இரண்டு கேம்ஷாஃப்ட் ஆகிய மூன்றின் குறிகளை மட்டும் நேர்ப்படுத்திவிட்டு, கீழே பக்கவாட்டில் இருக்கும் துணை ஷாஃப்டை எப்படியும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள இன்ஜின்களில் அந்தப் பம்பைத் தள்ளும் முட்டு இந்த ஷாஃப்டில்தான் இருக்கிறது. குறி தப்பினால் அந்த முட்டு, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் மோதும். கையால் கிராங்கை இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

வயரிங்கைப் பற்றி ஃபியட்டுக்கு இருக்கும் கெட்ட பெயரில் பாதி எர்த் (மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) பிரச்சினை. மீதி, ஹெட்லைட்டின் மின்சாரம் ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் துணைச் சுவிட்ச்) இல்லாமல் சாவி போடும் சுவிட்ச் வழியாகப் போவதால் வருவது. சுவிட்ச்சும் அதன் கனெக்டரும் சூடாகி உருகும். இரண்டு ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேர் வயர் இழுத்தால் ஒரு மதிய வேலையில் தீர்ந்துவிடும்.

நம்மூரில் பிரீமியர் 118 என்.இ. வைத்திருந்தவர்கள் அதுவும் ஃபியட் 124 வழிவந்ததுதானே என்று தைரியம் கொள்வதுண்டு. அதில் இருந்தது நிசான் இன்ஜின். இங்கே அந்த அனுபவம் உதவாது.

ஆல்ஃபாவின் இன்ஜின் வேறு ரகம். பிளாக்கும் அலுமினியம், உள்ளே தண்ணீரில் நனையும் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் குழாய்கள்), கேம்ஷாஃப்டுக்குச் செயின். அறுந்துபோகும் என்ற கவலை இல்லை. பலவீனம் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் ஓட்டைகளைச் சுற்றிச் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. அவை காய்ந்து இறுகியதும் எண்ணெய் தண்ணீரில் கலக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே சாக்லேட் நிறத்தில் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹெட்டைக் கழற்றவேண்டும். அதுவே சில கார்களில் பெரும்பாடு: ஹெட்டை இறுக்கும் இரும்பு ஸ்டட்களைச் சுற்றி அலுமினியம் பூத்து, ஹெட் மேலே வரவே மறுக்கும். கழன்றபின் லைனர்களை மேலிருந்து அழுத்திப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினால் லைனர் எழும்பி அடி சீல் போய்விடும்; கேஸ்கெட்டில் தொடங்கிய வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

கியர்பாக்ஸில், கியர் சத்தமின்றி விழ உதவும் சின்க்ரோ இரண்டாம் கியரில் தேய்வது ஆல்ஃபாவின் பரம்பரை நோய். விற்பவர் முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைக்க விடாதீர்கள். ஆறிய காரை எடுத்து, ஒன்றிலிருந்து இரண்டுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடம் லேசாகக் கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். சூடான பிறகும் கரகரத்தால் கியர்பாக்ஸை இறக்கும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

வட அமெரிக்காவுக்கு வந்த ஆல்ஃபாக்களில் 1969 முதல் 1981 வரை, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஸ்பிகா என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் பம்ப் இருக்கும். அதைக் கண்டு பயந்து கார்புரேட்டர் மாட்டியவர்கள் ஏராளம். பம்ப் நல்ல பம்ப்தான். அதற்கு வெப்பநிலையைச் சொல்லும் உணர்கருவி கெட்டுப்போனால், இன்ஜின் சூடான பிறகும் ஆறியிருப்பதாக நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் இறங்கும். ஆகவே டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். நன்றாகச் சூடான நிலையில் பம்பின் நீண்ட நெம்புகோலுக்கும் அதன் திருகுக்கும் நடுவே 0.019 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். அந்த இடைவெளி மாறியிருந்தால் அந்தக் கருவியைச் சந்தேகியுங்கள்.

ஃபியட்டுக்கு 1980-லிருந்தும், ஆல்ஃபாவுக்கு 1982-லிருந்தும் பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. இதற்கு ஒரு காசு செலவில்லாத சோதனை உண்டு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறங்கள். இன்ஜின் தடுமாறவேண்டும். தடுமாறாமல் அப்படியே ஓடினால் ஏற்கெனவே எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் காற்று அளவிடும் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்பில் வெடிப்பு இருக்கும். வளைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவாகக் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் தரும் அழுத்தத்தை அளக்கும் சோதனை, எடுக்கவேண்டும். சூடான இன்ஜின், நாலு பிளக்கும் கழற்றியிருக்கவேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்திருக்கவேண்டும். மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்ததுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

இனி அந்த வாசகருக்கு என் பதில். வீட்டுக் கராஜில் தானே ஸ்பேனர் பிடிப்பவர் என்றால், பாடி நன்றாக உள்ள 1981 அல்லது 1982 ஃபியட் ஸ்பைடர் 2000-ஐ எடுக்கட்டும். 102 குதிரைத்திறன் அந்தக் காருக்குப் போதும். ஃபியட்டில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சின்ன வில்லை, வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டின் மேலே இருப்பதால், அதற்கான கருவியால் அழுத்தி, கேம்ஷாஃப்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஆல்ஃபாவில் ஷிம் பக்கெட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேம்ஷாஃப்ட் வெளியே வரவேண்டும். ஃபியட்டின் துணிக் கூரையை சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் போட்டு எடுக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். அதோடு, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஃபியட் ஸ்பைடர்கள் தயாராகி, அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வந்ததால் உதிரிபாகத்துக்குத் தட்டுப்பாடு இல்லை.

இரண்டு பாடியும் சமமாக நன்றாக இருந்து, வேலையை வொர்க்‌ஷாப்பில் கொடுக்கப் பணமும் இருந்தால் நான் சொல்வது பாஷ் இன்ஜெக்ஷன் உள்ள ஆல்ஃபா. வளைந்த சாலையில் அந்த இன்ஜினும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து தரும் இதம் ஃபியட்டில் கிடையாது. துருப்பிடித்த ஆல்ஃபாவா, துரு இல்லாத ஃபியட்டா என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம்; ஃபியட்தான்.

முடிந்தால் கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற உலர்ந்த மாநிலத்துக் காரைத் தேடுங்கள். 15 வருடம் தாண்டிய கார் என்பதால் இறக்குமதி வாகனங்களுக்கான கனடாவின் ஆர்.ஐ.வி. பதிவுத் திட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தரைவழியாகக் கொண்டுவரும்போது அசல் உரிமைப் பத்திரத்தை எல்லை கடப்பதற்கு 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்திடம் கொடுத்திருக்கவேண்டும். உள்ளூரில் வாங்கினால் விற்பவரிடமிருந்து பழைய வாகனத் தகவல் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். கார் சாலையில் ஓடத் தகுதியானது என்ற ‘சேஃப்டி’ சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். பாடியில் துரு ஓட்டை இருந்தால் அதுவும் கிடைக்காது. எனவே சேஃப்டி இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன் அந்த ஜாக்கி சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மிசிசாகா, ஒன்டாரியோ.