இஞ்சினை விற்கவில்லை

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தங்கச்சி போட்டுக் காட்டினாள். "வந்த விலைக்குத் தள்ளிவுட்ருப்பா" என்றிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் படகு இஞ்சினை நான் விற்கவில்லை.

வாங்க வந்த ஆள் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "ரிங் போய்ட்ச்சு, ஹெட்ட கழட்டணும், செலவு தாங்காது" என்றான். பழைய இரும்பு விலைதான் கேட்டான். எனக்கு அவன் பேச்சில் நம்பிக்கை இல்லை. பிஸ்டன் ரிங் அந்த அளவுக்குத் தேய்ந்த இஞ்சின் முழு வேகத்திலும் திணறும். நம்முடையது அப்படி இல்லை. முழு வேகத்தில் வைத்தால் ஒழுங்காகப் பாடுகிறது, ஸ்லோவில் இறக்கினால்தான் தடதடவென்று உதறி அணைந்துபோகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் உயிர் நிற்கிறது. சோக் இழுத்தால் பெட்ரோல் கூடப் போகும். அப்படியென்றால் ஸ்லோவில் அதற்குப் பெட்ரோல் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஆள் போனபிறகு ரெண்டு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து மூடிக் கயிற்றை இழுத்தேன். ரெண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி விரலைத் தள்ளின. ரிங் நன்றாகத்தான் இருக்கிறது, ஹெட்டில் கை வைக்க வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நீ புறப்பட்ட அவசரத்தில் டேங்கில் பெட்ரோல்-ஆயில் கலவை அப்படியே இருந்தது, கார்புரேட்டரிலும் நின்றிருந்தது. குறையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு வீடு இருந்த நிலை எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் எண்ணூர்க் காற்றைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தோல் உரிக்கிறது. ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பழைய கலவையை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் அடியில் தனியாக ஒரு அடுக்கு. இழுகுழாய் டேங்கின் அடியில்தான் இருக்கிறது, இஞ்சின் முதலில் குடிப்பதே அதைத்தான்.

பழையதை எல்லாம் கொட்டிவிட்டு, டேங்கைக் கழுவிக் காயவைத்து, புதுப் பெட்ரோலில் 2டி ஆயில் கலந்தேன். பத்து லிட்டருக்கு 200 மில்லி, நம் இஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கிற 50-க்கு 1. பிளக் ரெண்டும் கறுப்பாக ஆயிலில் நனைந்து கிடந்தன, புதிது போட்டேன். ஸ்டார்ட் சுலபமாக வந்தது, ஆனால் ஸ்லோ சரியாகவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. ஓடும்போது பெட்ரோல் ஓஸில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. பெட்ரோல் பம்பில் குறை இருந்தால் அமுக்கினதும் இஞ்சின் தெளிந்திருக்கும். இனி மிச்சம் கார்புரேட்டர்தான்.

காசிமேட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். வயசான ஆள், அதிகம் பேசமாட்டார். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் ஒரு பிசின், ஓரத்தில் வெள்ளைப் பொடி. வேகத்துக்குப் பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட்டில் வெளிச்சம் தெரிந்தது. ஸ்லோ ஜெட்டில் ஒன்றும் தெரியவில்லை, அந்த ஓட்டை ஊசிமுனையைவிடச் சின்னது. நம்ம பையன் ஒருவன் கம்பியை நீட்டினான். அவர் கையைத் தட்டிவிட்டார். பித்தளை மிருதுவானது, கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான். கிளீனரில் ஊறவைத்து, நம் வலைக் கூடையிலிருந்தே தங்கூஸ் நரம்பு (நைலான் இழை) ஒரு துண்டு வெட்டி உள்ளே விட்டு எடுத்தார். பிறகு காற்று அடித்தார்.

ஓட்டிப் பார்க்க டிரம்மில் தண்ணி வேண்டுமே, லாரித் தண்ணியை ஊற்ற அம்மா விடவில்லை. "குடிக்கிற தண்ணிய இஞ்சினுக்கா?" என்று ஒரே சத்தம். கைப்பம்பு உப்புத் தண்ணியில்தான் ஓட்டினோம், கடைசியில் அலச மட்டும் ரெண்டு குடம் கொடுத்தாள். தண்ணி இல்லாமல் அரை நிமிஷம்கூட ஓட்டக்கூடாது, இஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணி இழுக்கிற இம்பெல்லர் ரப்பர் காய்ந்து கருகிவிடும். ஸ்டார்ட் ஆனதும் சோக்கை உள்ளே தள்ளி ஸ்லோவில் விட்டார். அணையவில்லை. டிரம்மைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வதை நிறுத்தினார்கள்.

ஆனாலும் இன்னும் கடலுக்குப் போகவில்லை. இஞ்சினைக் குளிரவைத்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணி நூல் மாதிரி வருகிறது. அந்தத் துளையில் நரம்பு விட்டு உப்பை எடுத்தும் அப்படித்தான். இத்தனை மாதம் ஒரே பக்கம் மடங்கிக் கிடந்து இம்பெல்லர் இறக்கை நிமிராமல் போயிருக்கும் என்கிறார். முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தில் சூடேறி நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கியர் ஆயில் கீழ்த் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தோம். கறுப்பாக இருந்தது, தண்ணி புகுந்து பால் மாதிரி வெளுக்கவில்லை. சீல் நன்றாக இருக்கிறது, ஆயில் மட்டும் மாற்றினால் போதும்.

உன் அறைக்கூட்டாளி அடுத்த மாதம் ஊருக்கு வருவதாகச் சொன்னாயே, அவர் பையில் ஒரு இம்பெல்லர் செட் வைத்து அனுப்ப முடியுமா பார். மாடல் நம்பர் தகட்டைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்புவாள். நான் ராயபுரத்துக் கடைகளில் விலை கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரை வாங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா