செயலாளரின் ஆண்டறிக்கை: பசிபிக் போர்க்கால வீடுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, நம் வரலாற்று வாசகர் வட்டம் இவ்வாண்டு அமர்வுகள் அனைத்தையும் 1941 முதல் 1945 வரை ஜப்பானும் அமெரிக்காவும் பொருதிய பசிபிக் போருக்கே ஒதுக்கியது. கடற்போர்களைத் தொடக்க அமர்வுகளிலேயே முடித்துக்கொண்டு, போர்முனைக்கு வெளியே இருந்த குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு மிகுந்த நேரம் கொடுத்தோம். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அதிகம் பேசப்பட்ட பொருள் ரப்பர். ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய சில வாரங்களில், 1942 ஜனவரியில், அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீட்டுக்குள் வந்தது டயர்தான். தென்கிழக்காசியா ஜப்பான் வசமானதால் அந்நாட்டுக்கு வந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காடு நின்றுபோயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோல் பங்கீடு வந்ததற்கு முதன்மைக் காரணமும் டயரே. வண்டிகளின் ஓட்டம் குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று அரசு கணக்கிட்டது. அந்த ரப்பருக்காக மலாயாத் தோட்டங்களில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழர்கள் என்பதையும், தோட்டங்கள் முடங்கியபின் அவர்களில் பல்லாயிரவரை ஜப்பானியப் படை சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசென்று சாகவிட்டது என்பதையும் படித்த அமர்வு, இவ்வாண்டின் மிகக் கனமான அமர்வாக அமைந்தது.

ஜப்பானில் 1941 ஏப்ரலிலேயே பெருநகரங்களில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 330 கிராம். போருக்கான உலோகத்துக்காகக் கோயில் மணிகளும் உருக்கப்பட்டன. 1944இல் பள்ளி மாணவியர், சேனையின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கின் மாவைப் பசையாக்கிக் காகிதம் ஒட்டிச் செய்த குண்டு பலூன்கள் 9,000க்கும் மேல் அமெரிக்காவை நோக்கிக் காற்றில் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று 1945 மே 5 அன்று அமெரிக்க மாநிலமான ஓரிகனில் ஒரு கர்ப்பிணியையும் ஐந்து சிறாரையும் கொன்றது. ஒட்டியவர்களும் சிறுமியர், மாண்டவர்களிலும் சிறுவர் என்பதைப் பலர் வருத்தத்தோடு குறிப்பிட்டனர்.

அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது குறித்தும் விவாதித்தோம். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்கள். அரசின் மன்னிப்பும் இழப்பீடும் 1988இல்தான் சட்டமாயின.

மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இருப்பின், அவர்களின் போர்க்கால நினைவுகளை வரும் ஆண்டில் பதிவு செய்யச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.