நாலாவது படத்தை நம்பாதே

கயலுக்கு,

திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு டெலிகேட் பாஸ் வந்துவிட்டது, தினமும் ஐந்து படம் பார்த்து அன்றன்றே விமர்சனம் எழுதிவிடுவேன் என்றாய். எட்டு நாள், நாற்பது படம். கண் பார்த்துவிடும், மனசு வாங்காது. ஒரு நாளைக்கு மூன்று போதும், மிஞ்சினால் நாலு. அந்த நாலாவதைப் பற்றி மட்டும் அன்றைக்கே எதுவும் எழுதாதே.

காரணம் அலுப்பு மட்டுமில்லை. பேச்சே இல்லாத மூன்று மணி நேரப் படத்துக்குப் பிறகு பார்க்கிற சாதாரணக் குடும்ப நகைச்சுவை பெரிய படைப்பு மாதிரித் தெரியும். வெயிலில் நடந்து வந்தவனுக்குப் பானைத் தண்ணீர் தேனாக இருப்பதுபோல. ஒரு பெரிய படத்துக்கு அடுத்து மாட்டிக்கொண்ட நல்ல சின்னப் படமோ அநியாயமாக அடிபடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்புப் பக்கத்தின் மூலையில் இரண்டு விஷயம் போட்டுவை: அன்றைக்கு எத்தனையாவது படம், எத்தனை மணிக் காட்சி. எழுத உட்காரும்போது முதலில் அதைப் பார். நடுவில் பத்து நிமிடம் தூங்கிவிட்டால் விமர்சனம் எழுதாதே. இன்னொரு காட்சி இருந்தால் போய்ப் பார், இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடு.

கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று தியேட்டரும் தம்பானூரில் ஒரே வளாகம். டாகூர் தியேட்டர் வழுதக்காட்டில் இருக்கிறது. முடிந்தவரை அடுத்தடுத்த இரண்டு படத்தை ஒரே வளாகத்தில் வைத்துக்கொள். அடுத்த அரங்குக்கு ஓடுகிற அவசரத்தில் முதலில் பலியாவது கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல்தான். எந்தெந்த நாட்டுப் பணம், பாட்டு இந்தப் படத்துக்கென்று போட்டதா பழையதா, எங்கே படம் பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நிசாகந்தி திறந்தவெளி அரங்கு, இரவுக் காட்சிக்கு அருமையான இடம். ஆனால் அங்கே கேட்டதை வைத்து ஒரு படத்தின் ஒலியமைப்பைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதே.

இருக்கை விஷயம். வரிசை வரிசையாக உயராத தளம் என்றால் முன்னால் இருப்பவர் தலை சரியாக சப்டைட்டில்மேல் வந்து நிற்கும். பின்பாதியில், நடைபாதையை ஒட்டிய இருக்கை பார். நோட்டு உள்ளங்கை அளவு, பேனா வேண்டாம், பென்சில். போன் வெளிச்சம் கூடவே கூடாது. இடது கட்டைவிரலை வரி இருக்கும் இடத்தில் வைத்து, அதற்குக் கீழே எழுது. எழுதியதும் விரலை ஒரு அங்குலம் இறக்கு. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே எழுத வரும். ஒரு பக்கத்துக்கு நாலு வரிக்குமேல் வேண்டாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். 'அழகு', 'அருமை' என்று இருட்டில் எழுதி வைத்தால் மறுநாள் அதில் ஒன்றும் கிடைக்காது. 'நீலத் துண்டு, கதவு திறக்கவில்லை, நாய்க் குரைப்பு மட்டும்' என்று எழுது.

படம் விட்டதும் பதினைந்து நிமிடம் யாரிடமும் பேசாமல் முதல் ஷாட், கடைசி ஷாட், பாத்திரங்களின் பெயர் மூன்றையும் எழுதிவிடு. முதலில் மறந்துபோவது இவைதான். கடைசி ஷாட்டைக் கைதட்டல் அழித்துவிடும்.

கைதட்டல் என்றதும் ஒன்று. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் எத்தனை நிமிடம் எழுந்து நின்று தட்டினார்கள் என்று செய்தி வரும். முதல் காட்சியில் இயக்குநரும் நடிகர்களும் அரங்கிலேயே இருப்பார்கள். கேமரா ஒவ்வொரு முகமாகக் காட்டும்போது மரியாதைக்காகவே கைதட்டல் நீளும். அதைப் படத்தின் மதிப்பாக எடுத்துக்கொள்ளாதே.

படத்தின் குறையா, அரங்கின் குறையா என்று பிரித்துப் பார்க்கப் பழகு. இதில்தான் புதிதாக எழுதுபவர்கள் நிறைய வழுக்குகிறார்கள். இரவுக் காட்சி சேறுமாதிரி இருந்தால் ஒளிப்பதிவாளரைத் திட்டுவதற்கு முன் சப்டைட்டிலைப் பார். வெள்ளை எழுத்தே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் புரொஜெக்டர் வெளிச்சம் குறைவு என்று சந்தேகப்படு. திரையின் நடுவில் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். விளக்கு பழசாகியிருக்கலாம், 3டி படத்துக்குப் போட்ட ஃபில்டரை லென்ஸ் முன்னாலிருந்து எடுக்காமல் விட்டிருக்கலாம். பழைய படங்களில் தலையும் பாதமும் வெட்டுப்பட்டால் அது சட்டகம் அமைத்தவரின் தப்பில்லை. அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்காக எடுத்ததை, 1.85 மடங்கு அகலமான சட்டத்துக்குள் திணித்திருக்கிறார்கள். பேச்சு தெளிவாகக் கேட்டு, காற்றும் தூரத்துச் சத்தமும் காணாமல் போயிருந்தால் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். எதுவானாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாசலில் நிற்கும் தன்னார்வலரிடம் போய்ச் சொல். அரை மணி கழித்துச் சொன்னால் யாரும் படத்தை நிறுத்த மாட்டார்கள்.

இனி எழுத்து. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. 'வறுமையைப் பேசும் கவித்துவமான படம்' என்று எழுதினால் அது நூறு படத்துக்கு ஒட்டும். பையன் வெயிலில் நடந்து வரும்போது வாயில் ஒரு கல்லை அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் கற்களோடு வைக்கிறான். இந்த நடை இன்றைக்குப் புதிதில்லை என்று அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது, வசனம் ஒன்றும் இல்லை. இதை எழுதினால் படிப்பவருக்கு அந்தப் படம் தெரியும், உன் தீர்ப்பும் அதிலேயே வந்துவிடும். ஆனால் புதுப் படத்தில் இப்படி முடிவை ஒட்டி வரும் காட்சியைப் போட்டு உடைக்காதே. முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அன்றைக்கே போடுவதென்றால் 150 சொல், ஒரே ஒரு காட்சி, நட்சத்திர மதிப்பெண் வேண்டாம். முழு விமர்சனம் ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு. விழாப் புத்தகத்தில் இருக்கும் கதைச்சுருக்கத்தை எழுதி முடிக்கும்வரை திறக்காதே, அதன் வாக்கியங்கள் உன் பத்தியில் ஒட்டிக்கொள்ளும். பெயர்களை ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழாக்காதே. உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எழுது: போலந்து இயக்குநர் கியெஷ்லோஃப்ஸ்கி, ஈரான் இயக்குநர் பனாஹி.

முதல் நாள் நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு, கோணல் எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, படித்துவிடுவேன். இரண்டாவது படத்துக்குப் போகும் முன் சாப்பிட்டுவிடு, கண்ணு.

அம்மா