கனடாவில் கார் வாங்கிய மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

கார் படம் பார்த்தேன். அக்கா தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டாள். எனக்கு மட்டும் இடது பின்சக்கரத்துக்கு மேலே இருந்த இரண்டு கொப்புளத்தில்தான் கண் நின்றது. பெயிண்டுக்கு அடியில் துரு ஏறினால்தான் அப்படிப் புடைக்கும். ஒட்டாவா பக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். தூத்துக்குடி உப்பு லாரி வந்தால் பெயிண்டைப் பார்க்க மாட்டேன். அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். இற்ற இடம் பொத்தென்று அமுங்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பொருக்குப் பொருக்காக உதிரும். பெரும்பாலும் மடிப்பிலும் மூலையிலும்தான், சேறும் உப்பும் காயாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

அங்கே பனியை உருக்கச் சாலையில் கொட்டுவதும் அதே உப்புதான். மைனஸ் 9 டிகிரி வாக்கில் அது வலுவிழக்கும். அதற்கும் கீழே குளிர் போனால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்று போடுவார்கள். மக்னீசியம் நமக்குப் புதிதில்லை. உப்பு வாரிய பிறகு பாத்தியில் நிற்கும் கசப்புத் தண்ணீரில் இருப்பது அதுதான். ஐப்பசி மழையில் வீட்டுக் கல் உப்பு ஜாடி நீர் விட்டுக் கசியுமே, அதுவும் இதன் வேலைதான். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காரின் அடியில் ஒட்டிவிட்டால், சாலை காய்ந்த பிறகும் அது காயாது.

சூடான கராஜ் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாய். உறைந்து கிடக்கும் வரை துரு மெதுவாகத்தான் நகரும். உப்புப் பனியோடு கொண்டுபோய்ச் சூட்டில் நிறுத்தினால், உருகி ராத்திரி முழுக்க அரிக்கும். கழுவிவிட்டு உள்ளே விடு. ஜீரோவுக்கு மேலே போகிற நாளாகப் பார்த்து, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அடிப்பாகத்தைக் கழுவு. மேலே சோப்புப் போடாவிட்டாலும் பரவாயில்லை, சக்கர வளைவுக்குள் தண்ணீர் பாய வேண்டும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே இற்றுவிடும்.

அப்புறம், வருஷா வருஷம் பனி தொடங்கும் முன்னே துருத் தடுப்பு ஆயில் ஸ்ப்ரே அடித்துவிடு. அது ஊர்ந்து மடிப்புக்குள் போகும். ரப்பர் போலக் கெட்டியாகப் பூசும் கறுப்புக் கோட்டிங்குக்குப் பழைய காரில் சம்மதிக்காதே. அதில் வெடிப்பு விழுந்தால் உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வராது, துரு கண்ணுக்கும் தெரியாது. இங்கே சில லாரிகளில் கழிவு ஆயிலைத் தடவுவார்கள். நீ அதைச் செய்யாதே, ஒழுகி மண்ணைக் கெடுக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போதும் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

எனக்குப் பெரிய பயம் பிரேக் பைப்தான். மெல்லிய இரும்புக் குழாய் அது. துரு அரித்து, மிதிக்கிற நேரத்தில் விட்டுவிட்டால்? பின் சீட்டில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாரமே ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அந்தப் பைப்பைப் பார்க்கச் சொல். இடது பின்சக்கரத்துப் பக்கம் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
மாமா