வெட்டிய வரியும் கூட்டல் பிழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் இத்தாலிய கூடைப்பந்து லீக் ஆட்டம் ஒன்றின் புள்ளிவிவர அட்டவணையை வெளியிட்டு, அடியில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டிருந்தீர்கள்: "வீரர்களின் ரீபவுண்டுகளைக் கூட்டினால் 33தான் வருகிறது, மொத்தம் 36 என்கிறார்கள். இத்தாலியர்களுக்குக் கணக்கு கொஞ்சம் தகராறு போலும்!" நம் எண்முறையை ஐரோப்பாவில் பரப்பிய ஃபிபொனாச்சியின் நாட்டுக்காரர்களுக்கே கூட்டல் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டோம். சந்தோஷம்.

ரீபவுண்டு என்றால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது. அந்த 3 எங்கும் தொலையவில்லை. வீரர் பெயர்களெல்லாம் முடிந்த பிறகு, மொத்தத்துக்கு மேலே, 'ஸ்குவாத்ரா' என்று ஒரு வரி இருக்கும். அது அணியின் கணக்கு. பெரும்பாலும் காலிக் கட்டங்கள்தான், அதனால் இடத்தை மிச்சம்பிடிக்க வெட்டிவிட்டீர்கள். வெட்டியதும் நீங்களே, காணோம் என்று சிரிப்பதும் நீங்களே.

எய்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, எவர் கையிலும் அடங்காமல் கோட்டுக்கு வெளியே போனால், அடுத்துப் பந்தை எறியும் உரிமை எந்த அணிக்கோ அந்த அணியின் பெயரில் ரீபவுண்டு எழுதப்படும். எதிராளி தட்டித் தடுத்த (பிளாக் ஆன) பந்து யார் கையிலும் சிக்காமல் வெளியே போனாலும், யாரும் பிடிப்பதற்கு முன்பே ஃபவுல் விசில் ஊதினாலும் இதே விதிதான். காரணம் எளிது. ஆட்டத்தில் பந்து உயிரோடிருக்கும்போது தவறிய ஒவ்வொரு எய்தலுக்கும் ஒரு ரீபவுண்டு கணக்கில் ஏறியாக வேண்டும். ஓர் அணி 62 முறை எய்து 27 போட்டால் 35 தவறல். உயிர்ப்பந்தாகத் திரும்பிய ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எய்தல்) தவறல் 4 என்றால் 39. (இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் பந்து செத்த பந்து, அதற்கு ரீபவுண்டு கிடையாது.) எதிரணியின் தற்காப்பு ரீபவுண்டும் இவர்களின் தாக்குதல் ரீபவுண்டும் சேர்ந்து 39 வந்தால் ஸ்கோரர் மேசை சரியாக வேலை செய்திருக்கிறது. ஒன்றிரண்டு குறைந்தால் கால்பகுதி முடிவு மணியோடு தவறிய எய்தல்களைப் பார்க்க வேண்டும். தாங்கள் அறியாதது அல்ல. டர்ன்ஓவருக்கும், அதாவது பந்தை எதிரணியிடம் இழப்பதற்கும், இப்படித்தான்: 24 விநாடிக்குள் எய்யாததும் 8 விநாடிக்குள் பந்தை எதிர்ப்பாதிக்குக் கொண்டுபோகாததும் அணி வரியில் ஏறும்.

இது முதல் தடவையாக இருந்தால் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு வீரர் "6 ஃபவுல் செய்தும் 31 நிமிடம் அசராமல் ஆடினார்" என்று பாராட்டினீர்கள். 5-ஆவது ஃபவுலிலேயே அவர் பெஞ்சுக்குப் போயிருப்பாரே! இத்தாலிய அட்டவணையில் 'எஃப்.எஃப்.' என்பது செய்த ஃபவுல், 'எஃப்.எஸ்.' என்பது எதிரி இவர்மேல் செய்த ஃபவுல். இரண்டு பத்திகளும் இடம் மாறியதில் அடிவாங்கியவர் முரடராகிவிட்டார். இன்னொரு முறை, ஒருவர் மூன்று புள்ளி எய்தலில் "3 ஜூலை" எடுத்திருந்தார். 3/7 என்பதைக் கணினி தேதியாக மாற்றியிருக்கிறது. ஒட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது நேராது. இத்தாலியர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்பார்கள். அதைத் துடைத்துவிட்டு 57,1 சதவீதத்தை 571 சதவீதமாக அச்சிட்ட பெருமையும் நமக்கே.

மிலான் விஷயம் இன்னும் ஆறவில்லை. ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை 1966-இல் சிம்மெந்தால், 1987-இலும் 1988-இலும் ட்ரேசர் என்று மிலானின் "இரண்டு கிளப்புகள்" வென்றதாக எழுதினீர்கள். இரண்டும் ஒலிம்பியா மிலானோ என்ற ஒரே கிளப். மாறியது பணம் கொடுத்தவரின் பெயர் மட்டும். போலோஞாவின் விர்த்துஸ் 1998-இலும் 2001-இலும் கிண்டர் என்ற பெயரில் அதே கோப்பையை வென்றது. அதை நீங்கள் மிட்டாய்க் கம்பெனி அணி ஆக்காமல் விட்டதே புண்ணியம். இத்தாலிய வீரர் கார்ல்டன் மையர்ஸ் ஒரே ஆட்டத்தில் எடுத்த 87 புள்ளிகளை முதல் நிலை லீக் சாதனை என்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1995-இல் ரிமினிக்காக அவர் அதை எடுத்தது இரண்டாம் நிலை லீக்கில்.

இவ்வளவுக்கும் மேலே, ஆட்டநாயகனைத் தேர்ந்தெடுக்கப் புள்ளிப் பத்தி ஒன்றையே பார்க்கும் உங்கள் பழக்கம். ஒருவர் 16 எய்து 7 போட்டு (அதில் 2 மூன்று புள்ளி), 4 ஃப்ரீ த்ரோவில் 2 போட்டு, 4 முறை பந்தை இழந்து 18 புள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் 6 எய்து 4 போட்டு (அதில் 1 மூன்று புள்ளி), 2 ஃப்ரீ த்ரோவையும் போட்டு, ஒரே முறை பந்தை இழந்து 11 எடுக்கிறார். இத்தாலியர்கள் புள்ளியை, எய்தல் + ஃப்ரீ த்ரோவில் பாதி + டர்ன்ஓவர் என்ற கூட்டுத்தொகையால் வகுத்து ஓ.இ.ஆர். என்று ஒரு பத்தி போடுகிறார்கள். முதலாமவருக்கு 18-ஐ 22-ஆல் வகுத்தால் 0.82. இரண்டாமவருக்கு 11-ஐ 8-ஆல் வகுத்தால் 1.38. "அணியைத் தோளில் சுமந்தவர்" என்று நீங்கள் தலைப்புப் போடுவது யாருக்கு? முதலாமவருக்கு. அவரைத்தான் அணி சுமந்திருக்கிறது. ஓ.இ.ஆரும் முழு உண்மை சொல்லாது என்பது வேறு விஷயம். ரீபவுண்டும், கூடை போட உதவிய பாஸான அசிஸ்டும், தற்காப்பும் அதில் வராது. அதற்காகத்தான் பக்கத்திலேயே மதிப்பீட்டு எண்ணும், வீரர் களத்தில் நின்ற நேரத்தில் இரு அணிகளுக்கும் இடையிலான புள்ளி வித்தியாசத்தைச் சொல்லும் கூட்டல்-கழித்தல் பத்தியும் இருக்கின்றன. அவற்றையும் நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள்.

அச்சுக்குப் போகுமுன் நிமிடங்களையாவது ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஓர் அணிக்கு 200 வர வேண்டும், ஒரு கூடுதல் நேரம் நடந்திருந்தால் 225. ஒட்டும்போது ஒரு வீரரின் வரி விடுபட்டிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நான் கேட்பது அதிகமில்லை. இனி அட்டவணையில் அந்த அணி வரியை வெட்டாதீர்கள். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மிலான் பற்றி நான் எழுதியதை 'வாசகர் கருத்து' என்ற தலைப்பில் வெளியிட்டீர்கள். இதையாவது 'திருத்தம்' என்றே தலைப்பிட்டு, விளையாட்டுப் பக்கத்திலேயே போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகன்