அறுந்தது பெல்ட், கெட்டது பம்ப்

அனுப்புநர்: அப்பள வியாபாரி, கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர், தலைமை அலுவலகம்.
நகல்: திருநெல்வேலி சர்வீஸ் சென்டர் மேலாளர்.
நாள்: 29.08.2025
பொருள்: டைமிங் பெல்ட் மாற்றியபோது வாட்டர் பம்பையும் டென்ஷனரையும் மாற்றாமல் விட்டதால் எஞ்சின் சேதமானது, ரூ. 86,400 பில்லில் செட், பம்ப் விலை போக மீதியைத் திரும்பக் கேட்டல்.

ஐயா,

என் முதல் கடிதத்துக்குப் பதிலாக உங்களிடமிருந்து வந்த நான்கு வரி மின்னஞ்சலைப் படித்தேன். டைமிங் பெல்ட் தேய்கிற பாகம், மாற்றிய பாகத்துக்கான 6 மாத உத்தரவாதம் முடிந்துபோனது, போதாக்குறைக்கு வண்டியில் வெள்ளத் தண்ணீர் புகுந்த அறிகுறி வேறு இருக்கிறது, ஆகவே ஒன்றும் செய்வதற்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பெல்ட்டைக் குறை சொல்லி எழுதவே இல்லையே. என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது, அதனால் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வண்டி 2018 மே மாதம் உங்களிடம் வாங்கிய டீசல். கடைக்கும் வீட்டுக்கும் அது ஒன்றுதான். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வண்டியோடு கொடுத்த கையேட்டில் டைமிங் பெல்ட்டை, அதாவது எஞ்சின் பாகங்களைக் கணக்குத் தப்பாமல் சுற்றவைக்கிற பல் வைத்த ரப்பர் பெல்ட்டை, 1,00,000 கிலோமீட்டரில் அல்லது 6 வருடத்தில், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. அந்த 'எது முன்னால் வருகிறதோ' என்பதை உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒருவரும் படித்த மாதிரி தெரியவில்லை. 2024 ஆகஸ்டில் நானாகப் போய்க் கேட்டேன். மீட்டரில் 61,400. சர்வீஸ் அட்வைசர் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாப்பதாயிரம் ஓடலாம் சார், என்ன அவசரம்" என்றார். ரப்பருக்கு வயது என்று ஒன்று இருக்கிறது தம்பி, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சித்திரை வெயிலும் எஞ்சின் சூடும் அதைத் தின்றுகொண்டுதான் இருக்கும் என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பளம் விற்கிறவன் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

சரி, மாற்றச் சொன்னேன். பெல்ட்டை மட்டும் அல்ல, செட்டாக: பெல்ட், அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், அது ஓடும் வழியைத் திருப்பிவிடுகிற ஐட்லர் புல்லி, எஞ்சினைக் குளிர்விக்கிற திரவத்தைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப். வேலையைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னது என்ற கட்டத்தில் "பெல்ட் செட் + வாட்டர் பம்ப்" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார், நகலை இணைத்திருக்கிறேன். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் பெல்ட் ரூ. 2,650, லேபர் ரூ. 6,500, அதோடு வரி. நான் பில்லைச் சரியாகப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன், கடையில் ஆள் இல்லாத நாள். கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தேன், டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய பெல்ட் மட்டும் இருந்தது. அன்றைக்கே, பழைய பம்ப் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதிக் கொடுத்த வேலையைச் செய்யாமல், செய்யவில்லை என்று ஒரு போன்கூடப் போடாமல் விட்டது உங்கள் தப்பு.

ஏன் செட்டாகக் கேட்டேன் என்பதை உங்களுக்கு விளக்குவது வேடிக்கைதான், இருந்தாலும் இந்தக் கடிதம் நாளைக்கு வேறு யாராவது படிக்கும்படி ஆகலாம். கீழே கிராங்க், பிஸ்டன்கள் சுற்றவைக்கிற தண்டு. மேலே கேம், வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் பெல்ட்டின் வேலை. 80 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற முள் 2,000இல் நிற்கும், அப்படியென்றால் ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்குப் பதினாறு தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவில் இடமே கிடையாது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் ஓடுகிற வேகத்தில் மேலே வந்து, திறந்தபடி நிற்கிற வால்வை இடிக்கும். இதே பெல்ட்தான் என் வண்டியில் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் பேரிங் ஆடினால் புல்லி கோணும், புல்லி கோணினால் பெல்ட் ஒரு ஓரமாக ஒதுங்கி விளிம்பு தேயும். புது பெல்ட், பழைய பெல்ட் என்ற வித்தியாசம் அந்தப் புல்லிக்குத் தெரியாது. பம்பை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதே 6,500 ரூபாய் லேபர் இன்னொரு தடவை. ரூ. 3,900 பம்பை அன்றைக்கே போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2025 மே மாதம் வருட சர்வீஸ், மீட்டரில் 69,800. அந்த ஜாப் கார்டையும் இணைத்திருக்கிறேன், எட்டாவது வரியைப் பாருங்கள்: "கூலண்ட் டாப் அப் 600 மி.லி." கூலண்ட் என்ன கருப்பட்டிக் காப்பியா, குடிக்கக் குடிக்கக் குறைவதற்கு? எஞ்சினைக் குளிர்விக்க மூடிய குழாய்க்குள் சுற்றி வருகிற திரவம் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா? ஊற்றி நிரப்பிவிட்டு, அதற்கும் பில் போட்டு அனுப்பினீர்கள். வீட்டில் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை, எனக்கும் சந்தேகம் வரவில்லை. பம்பிலிருந்து கசிந்தது பெல்ட் கவருக்குள்ளேயே எஞ்சின் சூட்டில் காய்ந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம், ஆவணி முகூர்த்தத்துக்கு நாகர்கோவில் கடைகளில் ஆர்டர். நாற்பது பெட்டி அப்பளத்தோடு களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் வழியாகப் போய் நான்குவழிச் சாலையில் ஏறினேன். பணகுடி தாண்டுவதற்குள் முன்பக்கம் 'டப்'பென்று ஒரு சத்தம், பெரிய சத்தமாகக்கூட இல்லை, எஞ்சின் நின்றுவிட்டது. உருட்டிக்கொண்டே ஓரம் கட்டினேன். நல்ல வேளை, பின்னால் லாரி எதுவும் நெருக்கத்தில் வரவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது, பிடிமானமே இல்லை. அந்த ஒரு தடவையோடு நிறுத்தியிருக்க வேண்டும், நான் இன்னொரு தடவையும் அடித்தேன். பணகுடியிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் கேட்டதே அதைத்தான். "அண்ணாச்சி, எத்தன தடவ செல்ஃப் அடிச்சீய? இனிமே சாவியத் தொடாதீய."

மேல் கவரை அவர் கழற்றியபோது நானும் குனிந்து பார்த்தேன். பெல்ட் இரண்டாக அறுந்து கிடந்தது, ஒரு சாண் நீளத்துக்குப் பல் வழித்தெடுத்த மாதிரி மொழுமொழுவென்று இருந்தது, ஒரு பக்க விளிம்பு மட்டும் பிரிந்து வெள்ளை இழை பனைநார் கிழித்த மாதிரி தொங்கியது. மற்ற விளிம்பு புதிதாக இருந்தது, எழுத்துக்கூட அழியவில்லை. பம்ப் புல்லியை அவர் இரண்டு விரலால் அசைத்தார், கடக் கடக்கென்று ஆடியது. அதற்குக் கீழே உப்புப் பூத்த மாதிரி இளஞ்சிவப்பாகக் கூலண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. "இது ஒரு நாள்ல வந்தது இல்ல அண்ணாச்சி, மாசக்கணக்கா கசிஞ்சிருக்கு" என்றார். நான் போனில் எடுத்த ஏழு படங்களை முதல் கடிதத்தோடேயே அனுப்பினேன், நீங்கள் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற இடம் அது. அந்தக் காற்றில் நாற்பது பெட்டியையும் லோடு ஆட்டோவுக்கு மாற்றியதில் மூன்று பெட்டி நொறுங்கிப் போனது. அதற்கு நான் காசு கேட்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிக்கு, உங்கள் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு வந்தேன், நீங்களே பார்த்து நியாயம் சொல்வீர்கள் என்று நம்பித்தான். வால்வுகள் இருக்கிற எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கினார்கள். 16 வால்வில் 6 வளைந்திருந்தது, வால்வை அழுத்துகிற ராக்கர் 5 உடைந்திருந்தது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் எல்லாம் செட்டாக எஸ்டிமேட்டில் வந்துவிட்டது! மொத்தம் ரூ. 86,400. பணம் கட்டினால்தான் சாவி என்றார்கள், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கட்டினேன்.

இனி அந்த வெள்ளக் கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படி வந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி வண்டி என்றாலே வெள்ளத்தில் நின்றது என்று எழுதிவிடலாம் என்று உங்கள் ஆள் நினைத்துவிட்டார் போல. என் வண்டி அந்த வாரம் மதுரையில் மகள் வீட்டு வாசலில் நின்றது. 16ஆம் தேதி போனதும் 23ஆம் தேதி திரும்பியதும் ஃபாஸ்டேக் கணக்கில் டோல்கேட் வாரியாக இருக்கிறது, அதையும் இணைத்திருக்கிறேன். அதை விடுங்கள், தண்ணீர் புகுந்திருந்தால் எட்டு மாதம் கழித்து நீங்களேதானே அந்தக் கவரைத் திறந்து பெல்ட் மாற்றினீர்கள், அப்போது சேறும் சகதியும் கண்ணில் படவில்லையா? ஜாப் கார்டில் ஒரு வார்த்தை இல்லையே.

உத்தரவாதம் 6 மாதம் என்கிறீர்கள். அது நீங்கள் போட்ட பாகத்துக்கு. நீங்கள் போடாமல் விட்ட பம்புக்கு எந்த உத்தரவாதத்தை நான் கேட்க முடியும்? என் புகார் வேலையைப் பற்றியது. சொன்ன வேலையைச் செய்யவில்லை, கூலண்ட் குறைந்தபோது காரணம் தேடவில்லை. இந்த இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால்கூட அன்றைக்கு நான் நாகர்கோவில் போய்ச் சேர்ந்திருப்பேன்.

எனக்கு வேண்டியது இதுதான். ரூ. 86,400இல் செட்டுக்கும் பம்புக்கும் உள்ளதைக் கழித்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் நான் கொடுத்திருக்க வேண்டிய பணம்தான். மீதியையும் வண்டியை இழுத்து வந்த ரூ. 4,500ஐயும் திருப்பிக் கொடுங்கள். 2024 ஆகஸ்டில் ஜாப் கார்டில் எழுதிய பம்ப் ஏன் மாற்றப்படவில்லை என்று எழுத்தில் பதில் வேண்டும். அப்புறம், உங்கள் கம்ப்யூட்டரில் கிலோமீட்டரோடு வருடத்தையும் சேருங்கள். என்னை மாதிரி கொஞ்சமாக ஓட்டுகிறவர்கள், வாத்தியார்மார், ரிட்டயர்டு ஆட்கள், எத்தனை பேர் ஏழு வருட பெல்ட்டோடு "இன்னும் நாப்பதாயிரம் ஓடலாம்" என்று குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கிறார்களோ தெரியாது, அவர்களை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

30 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால், அல்லது மறுபடி அதே நான்கு வரி வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதையும் விசாரித்துவிட்டேன்.

அறுந்த பெல்ட், பழைய பம்ப், 2024இல் கழற்றிய முதல் பெல்ட் மூன்றும் என் கடையில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அந்த முதல் பெல்ட்டின் இரண்டு விளிம்பும் இன்னும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் இன்ஜினியருக்கே விளங்கும். அனுப்பி வையுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஒன்பது மணியிலிருந்து கடை திறந்திருக்கும். பாகங்களை இங்கேயே பார்க்கலாம், கையில் கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் டீசல் வண்டியின் உரிமையாளர்,
கல்லிடைக்குறிச்சி.

இணைப்பு: ஜாப் கார்டு நகல் 2, பில் நகல் 3, படங்கள் 7, ஃபாஸ்டேக் கணக்கு 1.