புதுக் கடல் மீனுக்குத் தனித் தொட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு ஆண்டுகளாகக் கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்காக நீல டாங் மீன் ஒன்று வாங்கினேன். "நோய் நொடி எதுவும் இல்லை" என்றார் கடைக்காரர். நம்பி அன்றே மற்ற மீன்களோடு விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள். ஓயாமல் பாறையில் உடலை உரசிக்கொண்டிருந்தது. இரண்டே வாரத்தில், மகள் பெயர் வைத்து வளர்த்த கோமாளி மீன்கள் இரண்டும் செத்து மிதந்தன. அவள் அன்று சாப்பிடவே இல்லை.

இது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணியின் வேலை. மீனின் தோலில் சில நாள் தின்று பெருத்து, உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று நாம் ஏமாறுகிறோம். கூடு வெடித்து நூற்றுக்கணக்கில் வெளிவந்து மறுபடி மீனைத் தேடும். நீந்தித் திரியும் அந்தப் பருவத்தில்தான் செம்பு மருந்து அதைக் கொல்லும். ஆனால் பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் அம்மருந்தை ஊற்றவே கூடாது.

மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியட்டும் என்று, பெரிய தொட்டியில் 76 நாள் முடியும்வரை மீனே விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பிழைத்த டாங், மணலில்லாத சிறு தொட்டியில், தனி வலையோடு சிகிச்சையில் இருக்கிறது. இனி எந்த மீன் வந்தாலும் முதல் 30 நாள் அங்கேதான்.

மீன் வந்து சேர்ந்த தேதியைக் கடைக்காரர்கள் தொட்டியின் மீதே எழுதி ஒட்ட வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகர், மும்பை